சீர் மாட்டுக்குப் பிறந்த கால் இல்லாத கன்று

கன்றின் முன்னங்கால் இரண்டும் முட்டிக்கு மேலேயே முடிந்துபோயிருந்தன. வெட்டியெடுத்த மாதிரி இல்லை. அதற்குக் கீழே கால் என்று ஒன்று வரவேண்டும் என்பதே அந்த உடம்புக்குத் தெரியாத மாதிரி, நுனியைத் தோல் ஒழுங்காக மூடி, மயிர்கூட முளைத்திருந்தது. பின்னங்கால்களும் பாதியில் நின்றிருந்தன. கீழ்த்தாடை என் சுண்டுவிரல் நீளம்தான். நாக்கு மட்டும் முழு அளவுக்கு வளர்ந்து, வைக்க இடமில்லாமல் பக்கவாட்டில் தொங்கியது. நான் படிக்கும் கெம்பஸில் போத்தலுக்குள் ஊறப்போட்ட இப்படியொன்றைப் பார்த்திருக்கிறேன், போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தேன். போத்தலில் இருந்தது மூச்சு விடவில்லை. இது விட்டது.

குண்டசாலையில் அத்தை வீட்டு மாட்டுப்பட்டி. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அத்தை என்றால் அப்பாவின் சொந்தத் தங்கை, என் அக்காவுக்கு மாமியார். அக்கா மாட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தாள், முழங்கை வரைக்கும் சளியும் ரத்தமும். அக்காவின் புருஷன், அதாவது அத்தான், கயிற்றைப் பிடித்தபடி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் எது நடந்தாலும் அவருக்குப் பார்ப்பதற்கு ஒரு வேலி இருக்கும்.

"நல்லா பாரு," என்றாள் அத்தை அக்காவிடம். "மூஞ்சிய திருப்பாத. நீ கொண்டு வந்த சீரு. ரெண்டாவது வாட்டி."

"அத்தை, போட்டது மாடு. இவளா போட்டா?" என்றேன்.

"நீ வாய மூடு. லீவுல வந்த புள்ள தின்னுட்டு தூங்கணும். ஒனக்கு இங்க என்னா வேல?"

கன்று தலையைத் தூக்கி எதையோ தேடியது. அக்கா விரலைக் கொடுத்தாள். அது சப்ப முயன்றது. தாடை இல்லாமல் எப்படிச் சப்பும்? நாக்கு விரலைச் சுற்றிச் சுற்றி வழுக்கியது. அத்தை ஒரு உரச்சாக்கை எடுத்து அக்காவின் மடியில் எறிந்தாள்.

"நீயே கொண்டு போயி பொத. என் மகன் கை படக்கூடாது."

"இன்னும் உசுரு இருக்கு அத்தை."

"சாக்குல போட்டா போயிரும்."

மிளகுக் கொடிக்குப் பின்னால் குழி. நான் வெட்டினேன். அக்கா சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, அது மூச்சு விட வாயைத் திறந்து பிடித்தபடி ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "மண்வெட்டியால தலையில ஒரு போடு போட்டா முடிஞ்சிரும். அதுதான் அதுக்கு நல்லது," என்றேன். நான் சொன்னது சரி. எந்த மிருக வைத்தியரும் அதையேதான் சொல்லுவார். அக்கா சாக்கை விடவில்லை. உள்ளே இருந்து அத்தை, டீ போட இந்த வீட்டில் யாரும் இல்லையா என்று கத்தினாள். பிறகு மறுபடி கத்தினாள். சாக்கு அசைவதை நிறுத்திய பிறகுதான் அக்கா எழுந்து போய் டீ போட்டாள்.

அன்று நான் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி அத்தை வாசலில் நின்று சொன்னாள்: "ஒங்கம்மாகிட்ட போயி சொல்லு. மூணாவது கன்னும் இப்பிடி வந்துச்சு, மாட்டையும் இவளையும் ஒரே லொறியில ஏத்தி அம்பிட்டியவுக்கு ஒங்க வீட்டுக்கே அனுப்பிருவேன். ராசி கெட்டத வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்னா செய்ய?"

அத்தை சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு முறை இருக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, அவள் பிறந்த வீட்டுப் பட்டியில் பிறந்த ஒரு கிடேரிக் கன்றைச் சீராக அனுப்புவார்கள். நகை குறைந்தால்கூடச் சமாளிக்கலாம், மாடு போகாவிட்டால் மானம் போய்விடும். பால்மாவுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு இந்த மாட்டுக்கு மவுசு இன்னும் ஏறிவிட்டது. அதோடு முடியவில்லை. அந்தக் கிடேரி பருவத்துக்கு வந்தால், பெண்ணின் தாய்மாமன் வீட்டுக் காளைக்குத்தான் விட வேண்டும். சடங்கு வைத்தால் மாமன் சேலை எடுப்பது மாதிரி, இதுவும் அவர் கடமை, அவர் உரிமை. வேறு காளையிடம் விட்டால் மாமனை மதிக்கவில்லை என்று அர்த்தம். காளையே இல்லாமல் சினை ஊசி போட்டால் அதைவிடக் கேவலம், மாமன் செத்துவிட்டாரா என்றே கேட்பார்கள்.

எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், திகனவில் இருக்கிறார். கறுப்பு வெள்ளைத் திட்டுப்போட்ட ப்ரீசியன் கலப்புக் காளை ஒன்று வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் அவரைவிட அந்தக் காளைக்குத்தான் மரியாதை அதிகம். வெற்றிலை, தேங்காய், ஒரு சால்வையோடு மாட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு போனால், மாமா சால்வையைப் போர்த்திக்கொண்டு, காளைக்குச் சந்தனம் வைத்து, பெரிய மனிதர் தோரணையில் கயிற்றை அவிழ்ப்பார்.

இதில் ஒரு சின்ன விசயம். அக்காவின் மாடு எங்கள் வீட்டு மாட்டுக்குப் பிறந்தது. எங்கள் வீட்டு மாட்டையும் மாமாவின் அதே காளைக்குத்தான் விட்டோம். ஆகவே அக்காவின் மாட்டுக்கு அந்தக் காளைதான் அப்பன். மனிதர்களுக்கு முறை பார்த்து, ஜாதகம் பார்த்து, ஒரு பொருத்தம் குறைந்தால் கல்யாணத்தையே நிறுத்துகிற கூட்டம், மாட்டை அதன் அப்பனுக்கே இரண்டு தடவை கட்டிவைத்துவிட்டுத் தேங்காய் உடைத்திருக்கிறது.

குழியில் மண் தள்ளும்போதே எனக்கு இது உறைத்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் மாமா என்னை ஊதித் தள்ளிவிடுவார். அதனால் தென்னகும்புரவுக்குப் போய் சித்தியைப் பிடித்தேன். சித்தி அம்மாவின் தங்கை. அவளுடைய சீர் மாடும் மாமா பட்டியிலிருந்து போனதுதான், தாய்மாமன் இல்லாததால் அதன் பரம்பரை முழுக்க அண்ணனின் அந்தக் காளையிடமே போய்க்கொண்டிருக்கிறது. சித்தி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒங்க மாடு எப்பவாச்சும் ஊனமா கன்னு போட்டிருக்கா?"

கத்தி நின்றது. "எவ சொன்னா?"

"எவளும் சொல்லல. கேக்குறேன்."

"ஒங்கம்மா அனுப்புனாளா?"

"அம்மாவுக்கு நான் வந்ததே தெரியாது."

சித்தி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "கால் இல்ல. வாய் கிளி மூக்கு மாதிரி. ஒங்க சித்தப்பாவே கொண்டுபோயி ஆத்துல போட்டுட்டு வந்தாரு. அவுக அம்மாகிட்ட, கன்னு வயித்துலயே கலைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டோம். இல்லாட்டி என்னைய வீட்டுல வச்சிருப்பாங்களா? இது வெளிய போச்சு, ஒன் நாக்க அறுத்துருவேன்."

"அறுக்கலாம். எத்தன கன்னு?"

"ஒண்ணு." பலாக்கொட்டையைப் பார்த்தபடி, "ஒண்ணுதான் அவருக்கு தெரியும்," என்றாள்.

கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற பெரியம்மா மகளுக்குப் போன் போட்டேன். முதலில் என்னை ஏசினாள், பிறகு அழுதாள். அவளுக்கும் அதே கால், அதே தாடை. அவளுடைய மாமியார் அவளைத் தோசம் கழியத் தேசிக்காய் வெட்டித் தலையில் தேய்த்துக் குளிக்க வைத்து, ஒரு மாதம் பட்டிப் பக்கமே விடவில்லையாம். எல்லோரும் ஒரே நோயை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, கடவுள் தன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அடித்ததாக நினைத்து மூடி மறைத்திருக்கிறார்கள். ஒருத்தியாவது வாயைத் திறந்திருந்தால் காளை எப்போதோ மாட்டியிருக்கும். யாரும் திறக்கவில்லை. காளை சந்தனப் பொட்டோடு நின்றது.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் கண்ணாடி வளையல் இருந்தது, அதையே பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"கால் வளருறதுக்கு ஒரு சோடி வளையல் வேணும்னு வச்சுக்க. ஒண்ணு தாய் மாடு குடுக்கும், ஒண்ணு காளை குடுக்கும். அதுல ஒண்ணு ஒடஞ்சிருந்தாலும் மத்தது வேலைய பாத்துக்கும், பாக்க மாடு நல்லாத்தான் இருக்கும். ரெண்டும் ஒடஞ்சா காலும் இல்ல, தாடையும் இல்ல. மாமா காளைகிட்ட ஒண்ணு ஒடஞ்சது. அத ஒன் மாட்டுக்கு குடுத்திருக்கு. மறுபடி அதே காளைகிட்ட விடுறப்போ, ரெண்டு பக்கத்து ஒடஞ்சதும் கன்னுகிட்ட வந்து சேருது."

"ஒவ்வொரு வாட்டியும் சேருமா?"

"இல்ல. நாலுக்கு ஒண்ணு."

"எனக்கு ரெண்டுக்கு ரெண்டு."

நாலில் ஒன்று விழவேண்டியது அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்தால் படித்தவர்கள் தற்செயல் என்கிறோம். அத்தை ராசி என்கிறாள். சொல் மட்டும்தான் வேறு. அக்கா வளையலைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு மிச்சத் துணியை அடித்துத் துவைத்தாள்.

அந்த வாரமே அப்பாவையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு திகனவுக்குப் போனேன். அத்தையையும் வரச்சொல்லியிருந்தேன். மாமா முன்னறையில் கதிரையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கூட்டாளி, அடுத்த வளவில் பால் மாடுகள் வைத்திருக்கும், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். நான் சித்தியையும் பெரியம்மா மகளையும் காட்டிக்கொடுக்கவில்லை. "நம்ம சொந்தத்துலயே இன்னும் ரெண்டு வீட்டுல" என்று மட்டும் சொன்னேன். அக்காவுக்குச் சொன்ன வளையல் கதையையே அவர்களுக்கும் சொன்னேன். மாமா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கெம்பஸ் போயி எங்க புள்ள காளைக்கு பொருத்தம் பாக்க கத்துக்கிட்டு வந்திருக்கு. மச்சான், இவளுக்கு மாப்பிள்ள தேடாதீங்க, இவளே எல்லாத்துக்கும் தேடிருவா."

அப்பா சிரித்தார். அப்பாவுக்கு மச்சான் சிரித்தால் சிரிக்க வேண்டும்.

"சிரிங்க மாமா. கன்னுக்கு கால் முளைச்சிரும்."

"வாய பாரு. ஏன் காக்கா, ஒங்க மாடு எல்லாம் எங்கிட்டதான வருது? எத்தன கன்னு? ஒண்ணுக்காச்சும் காது கோணலா?"

"இல்ல மகள், பொய் செல்லக்கூடாது," என்றார் காக்கா. "எங்கட மாட்டுக்கு ஒண்டும் ஆகல்ல. எல்லாம் துள்ளிக்கிட்டுதான் ஈக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன்!" கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். "காக்கா மாடு வெளி மாடு. ஒங்க காளைக்கு சொந்தம் இல்ல. அதுக்கிட்ட ஒடஞ்சது இல்ல. நம்ம மாடுக எல்லாம் அதோட மக, பேத்தி. அதனாலதான் நம்ம வீட்டுல மட்டும் சாவுது."

"அப்ப ஒங்கக்காவும் அத்தானும்? அத்தை மகன், மாமன் மக. அவங்களுக்கும் கால் இல்லாம பொறக்குமா?"

"அவங்க அப்பனும் மகளும் இல்லையே மாமா."

சிரிப்பு நின்றுவிட்டது. காக்கா டீயை வைத்துவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். ஒருவர் அறையிலிருந்து நழுவுவதற்கு இதைவிட மரியாதையான வழியை நான் பார்த்ததில்லை.

அதுவரை சும்மா இருந்த அத்தைதான் பேசினாள். அவள் முட்டாள் இல்லை. நான் சொன்னதில் பாதியை அந்த அறையில் அவளைப்போல யாரும் சரியாகப் பிடிக்கவில்லை.

"இரு. காளைகிட்ட மட்டும் ஒடஞ்சிருந்தா கன்னுக்கு ஒண்ணும் ஆகாது. அப்பிடித்தான?"

"ஆமா."

"அப்ப மாட்டுகிட்டயும் ஒடஞ்சது இருக்கு."

"ஆமா, அதுவும் காளைகிட்ட இருந்துதான்..."

"எங்க இருந்து வந்ததோ எனக்கு என்னா? வெளி மாட்டுக்கு நல்ல கன்னு, இந்த மாட்டுக்கு மட்டும் கேடு. கேடு மாட்டுலதான் இருக்கு. அந்த மாட்ட என் வீட்டுக்கு கொண்டு வந்தது யாரு?" அவள் அண்ணனான என் அப்பாவைப் பார்த்தாள். "ஒன் மக வாயாலயே சொல்லிட்டாண்ணே. நான் ராசின்னு பொதுவா சொன்னேன். இவ ரத்தம்ங்குறா."

மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "காளை மேல குத்தம் இல்லேன்னு ஆயிருச்சுல்ல," என்று எல்லோருக்கும் டீ ஊற்றச் சொன்னார். அம்மா வீடு வரும்வரை பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது, "ஒன்னைய படிக்க வச்சதுக்கு ஒங்கக்காவுக்கு இதுவும் வேணும்," என்றாள்.

சரி. பேசி ஆகாது என்றால் செய்துவிட வேண்டியதுதான்.

ஒருநாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். மாடு கத்துகிறது, காளைக்கு வந்துவிட்டது. அத்தை உடனே மாமாவுக்குச் சொல்லி, மறுநாள் காலைக்கு லொறி பேசிவிட்டு, சால்வையும் வெற்றிலையும் வாங்கக் கண்டி டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் பாடத்தை வெட்டிவிட்டு, ஊசி மாத்தயாவைப் பிடித்துக்கொண்டு போனேன். மாட்டுக்குச் சினை ஊசி போட அரசாங்கம் வைத்திருக்கும் ஆளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பைக்கின் பின்னால், காளை விந்தை உறையவைத்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். நல்ல மனிதர், சிங்களவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார்.

மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை வந்தது. உள்ளே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நங்கி, ப்ரீசியன் முடிஞ்சி. ஜெர்சி மட்டும் தான் இருக்கி."

நான் அக்காவைப் பார்த்தேன். இந்த ஊசி யாருக்கும் தெரியக்கூடாது என்றால் கன்று கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். திட்டுப்போட்ட காளைக்கும் திட்டுப்போட்ட மாட்டுக்கும் திட்டுப்போட்ட கன்றுதான் பிறக்கும். ஜெர்சி கலந்தால் அந்த வெள்ளைத் திட்டு பெரும்பாலும் மறைந்துவிடும்.

"கலர் மாறிருமா?" என்று கேட்டாள் அக்கா.

"மாறலாம். கால் இருக்கும்."

"அடுத்த வாட்டி ப்ரீசியன் வருமா?"

"அடுத்த வாட்டி எங்க? மாடு நாளைக்கே மாமா காளைகிட்ட போயிரும்."

மாடு வாலைத் தூக்கி மறுபடி கத்தியது. அக்கா தாலிக்கயிற்றை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள், சின்ன வயதிலிருந்து சட்டைக் கழுத்தை அப்படிக் கடிப்பாள். "போடுங்க மாத்தயா," என்றாள்.

மறுநாள் காலை மாடு லொறியில் திகன போனது. சந்தனம், சால்வை, தேங்காய். மாமா கயிற்றை அவிழ்த்தார், காளை தன் வேலையைச் செய்தது. மாட்டின் வயிற்றுக்குள் எது முந்தியது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. காளை முந்தியிருந்தால் மறுபடி நாலில் ஒன்று. அக்கா அடுத்து வந்த மாதங்களைப் புல் அறுத்து, சாணி அள்ளி, மாட்டின் வயிற்றில் காதை வைத்துப் பார்த்துக் கழித்தாள். உள்ளே உதைத்தால் எனக்குப் போன் வரும். "உதைக்குதுடி. கால் இருந்தாத்தான உதைக்கும்?" என்பாள். அரைக் காலாலும் உதைக்கலாம் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

கன்று ஈன்ற அன்று நானும் அங்கே இருந்தேன், வேண்டுமென்றே போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் இரண்டு குளம்பு வந்தது. குளம்பு! அக்கா இரண்டையும் பிடித்துக்கொண்டு இழுக்கவே மறந்துபோனாள். நான்தான் சேர்ந்து இழுத்தேன். முழுக் கன்று வைக்கோலில் சரிந்து விழுந்தது, தும்மியது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்தைத் தூக்கி, தடுமாறி, விழுந்து, மறுபடி எழுந்து, நாலு காலையும் விரித்துக்கொண்டு நின்றது. கிடேரி.

அத்தை அழுதுவிட்டாள். சத்தியமாக. "முருகா முருகா" என்று உள்ளே ஓடிக் கற்பூரத் தட்டோடு வந்தாள். அக்காவின் நெற்றியில் விபூதி வைத்தாள். கன்றைச் சுற்றித் தட்டைக் காட்டினாள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் தட்டு நின்றது.

"வெள்ளை எங்க?"

அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கன்றின் நெற்றியைத் துடைத்தாள். விலாவைத் துடைத்தாள். அழுக்கைத் துடைத்தால் வெள்ளை வரும் என்று நினைத்தாள் போல. வரவில்லை. உடம்பு முழுக்க ஒரே கரும்பழுப்பு, மூக்கைச் சுற்றி மட்டும் மாவு பூசிய மாதிரி ஒரு வளையம், பெரிய கண். பால் மாடு பார்த்த எவருக்கும் தெரியும், ஜெர்சி.

"இது யாரு கன்னு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், கல்யாணமான நாளிலிருந்து வேலியைப் பார்த்தே வாழ்ந்த அத்தான் பேசினார்.

"மாடு கத்துன அன்னிக்கு ஊசி மாத்தயா பைக் நம்ம வீட்டுப் பாதைல இருந்து போனிச்சும்மா. நான் பாத்தேன்."

இவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை மாதமும் தெரிந்திருக்கிறது. அக்கா அவருக்குச் சோறு போட்ட ஒவ்வொரு வேளையும் தெரிந்திருக்கிறது. கன்று செத்துப் பிறந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார், தேவைப்பட்டிருக்காது.

"மாடு செத்ததும் ஊனமுமா போட்டப்ப, ராசி இல்லாதவன்னு நெனச்சேன்," என்றாள் அத்தை. குரல் உயரவே இல்லை. "பாவம்னுகூட ஒரு ஓரத்துல நெனச்சேன். நீ கள்ளிடி. மாமன் சந்தனம் வச்சு காளைக்கு விடவேண்டிய மாட்ட, முதல் நாளே களவா நாசம் பண்ணிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி லொறி பின்னால வந்து நின்ன."

"அத்தை, கன்னு உயிரோட நிக்குது. அத பாருங்க," என்றேன்.

"பாத்தேன். பாத்துட்டேன்."

லொறி மத்தியானம் வந்தது. மூன்றாவது கன்று ஊனமாகப் பிறந்தால் அனுப்புவேன் என்றவள், நல்லபடியாகப் பிறந்ததற்கு அனுப்பினாள். அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறவில்லை. பின்னால், மாடு ஒரு பக்கம், கன்று மடியில், அப்படியே அம்பிட்டிய வரைக்கும் வந்தாள்.

எங்கள் வீட்டில் ஏதோ அவளைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள் என்று நினைக்கவேண்டாம். அம்மா லொறியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமாவுக்கு தெரியுமா?" என்பதுதான். அப்பா மாட்டைக் கட்டுவதற்கு இடம் பார்ப்பதுபோல வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். அக்கம்பக்கத்தில், கன்று ஊனமாகப் பிறந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம் என்று அன்றே பேச்சு. கன்று எல்லார் கண்முன்னாலும் முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அதே பேச்சு.

அம்மாவும் அப்பாவும் அக்காவோடு பேசாமல் இருந்த அந்த நாட்களில் நான் கெம்பஸுக்குப் போகவில்லை. அவள் கன்றுக்குச் சீம்பால் கொடுத்தாள், பட்டியைக் கழுவினாள், போனைப் பார்த்தாள். அத்தான் ஒரு மெசேஜ்கூட அனுப்பவில்லை. நான் ஒருமுறை, "விட்டுத் தொலை, அங்க போகாத," என்றேன். "இங்க எத்தன நாள் இருக்க முடியும்னு நீ நெனக்கிற?" என்றாள். அம்மா அடுப்படியில் பானையை அடித்து வைக்கிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மா நல்ல கதிரையைத் துடைத்து முற்றத்தில் போட்டாள். அவர் உட்காரவில்லை. நேராகக் கன்றிடம் போனார். வாயைத் திறந்து பார்த்தார், முதுகை அழுத்தினார், காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மாடு தெரிந்த மனிதர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நல்ல கன்னு," என்றார். "யாரு போட்டதா இருந்தா என்னா? தாய் நம்ம பட்டி மாடு. பால் நல்லா வரும்."

அம்மா அழ ஆரம்பித்தாள். அவள் எதிர்பார்த்தது அடி, உதை, இனி உறவே வேண்டாம் என்ற பேச்சு.

"அழாத. சின்னப் புள்ள, இவ பேச்ச கேட்டு அறியாம செஞ்சிருச்சு." இவ என்றது என்னை. "நான் அங்க பேசிட்டேன். ஒன் மகள கூட்டிக்கிட்டு போவாங்க. ஆனா ஒரு சொல்லு. இந்தக் கிடேரி பருவத்துக்கு வந்ததும் எங்கிட்டதான் வரணும். என் காளைக்கு விட்டு, முறைப்படி சந்தனம் வச்சு. அப்பத்தான் அந்தம்மாவுக்கு கோவம் ஆறும், எனக்கும் ஊருல முகம் இருக்கும்."

"சரிண்ணே," என்றாள் அம்மா. அப்பா, "சரி மச்சான்," என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"மாமா, இந்தக் கன்னோட தாய்க்கு ஒங்க காளைதான் அப்பன்," என்றேன். "இதுகிட்டயும் ஒடஞ்சது இருக்கலாம், பாதிக்கு பாதி. மறுபடி அங்கயே கொண்டுபோனா மறுபடி அதே சாக்கு, அதே குழி. ஒங்களுக்கு என்னா, நீங்களா பொதைக்கப் போறீங்க?"

"டீ போடு," என்றார் மாமா அம்மாவிடம். அப்பா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துவிட்டார். இழுத்த இடத்தில் மறுநாள் வரைக்கும் சிவந்திருந்தது.

உள்ளே அக்கா ஏற்கெனவே துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"நீ போகப் போறியா?"

"ம்."

"இந்தக் கிடேரிய அந்தக் காளைக்கு விடவா?"

"விடட்டும்."

"ஒனக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கா? நான் சொன்னதுல ஒண்ணாச்சும் புரிஞ்சுச்சா? மறுபடி கால் இல்லாம பொறக்கும்டி!"

"எல்லாம் புரிஞ்சுச்சு." ஒரு சேலையை உதறி, ஓரத்துக்கு ஓரம் வைத்து, கவனமாக மடித்தாள். "பொறக்கட்டும். தாய் மாடுதான் நான் கொண்டுபோன சீரு. இது அத்தை வீட்டுப் பட்டியில பொறந்தது. அதுக்கு கால் இல்லாம கன்னு பொறந்தா, அது அவங்க மாட்டுக்கு பொறந்த கன்னு."

பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

"அப்ப சாக்க என் மடியில போட ஏலாதுல்ல."